ஏலக்காரர் குடித்த ஸ்மூத்தி

பழ மண்டியில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாரும் இல்லை. கடை முதலாளிகளிலிருந்து பெட்டி தூக்குகிறவர்கள் வரை எல்லோருக்கும் அவர் ஏலக்காரர்தான். காலையில் லாரிகள் வந்து சரக்கு இறங்கியதும் ஒரு மரப்பெட்டியின்மேல் ஏறி நின்று வாயைத் திறப்பார். மண்டியின் கடைசிக் கடையில் டீ ஆற்றுகிறவன்கூட ஒரு கணம் கையை நிறுத்துவான். ஒலிபெருக்கி வாங்கித் தருகிறோம் என்று வியாபாரிகள் சங்கத்தில் சொன்னபோது, அதை உங்கள் பெண்டாட்டிகளிடம் கொடுங்கள், அவர்கள் சொல்வதாவது உங்கள் காதில் விழட்டும் என்று சொல்லிவிட்டார்.

தொண்டைக்குச் சமமாக மூக்கும் வாய்த்திருந்தது. பெட்டியைத் திறக்கவே மாட்டார். பலகை இடுக்கில் மூக்கை வைத்து ஒரு இழுப்பு இழுப்பார். மேல் வரிசை நல்ல பழம், அடி வரிசை நசுங்கல், ஓரமாக ஒன்று அழுக ஆரம்பித்துவிட்டது, நாளைக்குள் விற்காவிட்டால் மாட்டுக்குத்தான் என்பார். திறந்து கொட்டிப் பார்த்தால் அப்படியே இருக்கும்.

இந்த இரண்டும் அவருக்குச் சோறு போட்டன. நாக்கு மட்டும் அடுத்தவர் வயிற்றெரிச்சலைச் சம்பாதித்துக் கொடுத்தது. மண்டியில் அவர் பட்டம் வைக்காத ஆளே கிடையாது. ஒரு கால் வளைந்திருந்த சுமைக்காரர் ‘கோணக்கால்’. குழந்தையில்லாத எலுமிச்சைக் கடைக்காரம்மா ‘காய்க்காத மரம்’. அந்தப் பெயரை அவர் ஏலத்துக்கு நடுவில், நூறு பேர் முன்னால், அதே வெண்கலக் குரலில் சொல்வார். கூட்டம் சிரிக்கும். சிரிக்காதவனுக்கு அடுத்த பட்டம் தயாராகும் என்பதால் எல்லோருமே சிரிப்பார்கள். சொந்த மனைவிக்கே அவர் வைத்த பேர் ‘வத்தல்’. அந்த அம்மாள் இறந்த அன்று துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம், தூக்கிப் போக ரெண்டு ஆள் போதும், காற்றடித்தால் அவளாகவே போய்விடுவாள் என்றார். அன்றைக்கும் இரண்டு பேர் சிரித்தார்கள்.

ஒரே மகன். அப்பாவின் தொண்டையில் கால்வாசிகூட அவனுக்கு இல்லை. மண்டியில் ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். பேக்கரி ஒன்றில் கேக்கின்மேல் க்ரீம் பூக்கள் போடுகிற பெண்ணைப் பார்த்து, தினம் ஒரு பன் வாங்கித் தின்று, கடைசியில் அவளைத்தான் கட்டுவேன் என்று வந்து நின்றான். அவன் அப்பாவை முதல்முறையாக எதிர்த்துப் பேசியது அப்போதுதான். சரி, பார்க்கலாம் என்று ஏலக்காரர் அவளுடைய வீட்டுக்குப் போனார்.

அந்தப் பெண்ணுக்கு இடது காதுக்குக் கீழிருந்து தாடை வரைக்கும் பழுப்பாக ஒரு மச்சம் படர்ந்திருந்தது. பிறந்ததிலிருந்தே உள்ளது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து முடியால் மறைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ஏலக்காரர் எழுந்து அவள் பக்கத்தில் போனார். அவளுடைய மோவாயில் இரண்டு விரலை வைத்து முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார், கையில் எடுத்த பழத்தைத் திருப்பிப் பார்ப்பதுபோல.

“மூணு பக்கமும் சுத்தம்தான். ஒரு பக்கம் அடிபட்டிருக்கு. பரவாயில்ல, தள்ளுபடில எடுத்துக்கலாம்” என்றார்.

வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். மகன் தரையைப் பார்த்தான். பெண்ணின் அப்பாவுக்கும் சிரிக்க வேண்டியிருந்தது. அவர் சிரித்ததைத்தான் அவள் ரொம்ப நாள் மறக்காமல் வைத்திருந்தாள்.

கல்யாணம் முடிந்து வந்த பிறகு அந்த வீட்டில் அவளுக்கு வேறு பெயரே இல்லாமல் போயிற்று. ‘ஏ தள்ளுபடி, தண்ணி கொண்டா.’ ‘தள்ளுபடி எங்க போனா?’ ஆரம்பத்தில் மகன் முணுமுணுத்தான். பிறகு பழகிவிட்டது. பிறகு, நல்ல மனநிலையில் இருக்கும்போது, செல்லமாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு அவனும் அப்படியே கூப்பிட்டான். பேக்கரி வேலையை மாமனார் கல்யாணமான மாதமே நிறுத்திவிட்டார். கேக்குக்குப் பூ வைத்தது போதும், இங்கே பாத்திரம் கிடக்கிறது என்றார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். ஒரு பெண் குழந்தை பிறந்தது. குழந்தையைக் கையில் வாங்கியதும் அவர் முதலில் அதன் இடது கன்னத்தைத் துணி விலக்கிப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. “அப்பாடா” என்றார்.

குழந்தை இரண்டாம் வகுப்புக்குப் போன வருஷம் ஏலக்காரரின் குரல் கம்மியது. கத்திக் கத்தித் தேய்ந்திருக்கும் என்று தேனைக் குழைத்துச் சாப்பிட்டார். வெந்நீரில் கொப்பளித்தார். குரல் கீச்சிட்டது, பிறகு காற்றாகப் போயிற்று. ஆஸ்பத்திரிக்குப் போனபோது தொண்டையில் கட்டி முற்றியிருந்தது. குரல்வளையை மொத்தமாக எடுத்தால்தான் ஆள் பிழைப்பார் என்றார்கள். கழுத்தின் அடியில் ஒரு துளை போடுவோம், இனி அதன் வழியாகத்தான் மூச்சு என்று விளக்கிய டாக்டர், மூக்கு வழியாகக் காற்று போகாது என்பதால் வாசனை தெரியாமல் போகலாம் என்பதையும் சேர்த்துத்தான் சொன்னார். குரல் போகிறதே என்ற பதற்றத்தில் அது அவர் காதில் ஏறவில்லை.

அறுவை முடிந்து, மிச்சத்தைக் கருக்க வாரக்கணக்கில் கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைத்தார்கள். அதில் உணவுக்குழாய் சுருங்கிக்கொண்டது. கட்டியாக எதுவும் இறங்காது. தண்ணீரே மெல்லத்தான் இறங்கும்.

ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது மண்டியிலிருந்து சிலர் பார்க்க வந்தார்கள். கோணக்கால் என்று பட்டம் வாங்கிய சுமைக்காரரும் ஒரு பை ஆரஞ்சோடு வந்தார். நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். உடம்பு எப்படி இருக்கிறது, வலி இருக்கிறதா, எப்போது வீட்டுக்கு, மண்டிப் பக்கம் எப்போது வருவீர்கள் என்று ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார். கேட்டு முடித்ததும் பதிலுக்காக மரியாதையாகக் காத்திருந்தார். பதில் வராது என்று அவருக்குத் தெரியும்.

“எனக்கு ஒரு பேர் வெச்சீங்களே ஏலக்காரரே. மறந்துபோச்சு. அதைக் கொஞ்சம் சொல்லுங்க, கேட்டுட்டுப் போறேன்” என்றார்.

ஏலக்காரர் முகத்தைச் சுவரின் பக்கம் திருப்பிக்கொண்டார். சுமைக்காரர் நிதானமாக உட்கார்ந்து, கொண்டுவந்த ஆரஞ்சில் ஒன்றை உரித்து, சுளை சுளையாகத் தானே தின்றுவிட்டு எழுந்து போனார்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று, சாப்பாட்டு முறை சொல்லித் தருகிற அம்மா மருமகளை உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினார். ஜூஸ் வேறு, ஸ்மூத்தி வேறு. ஜூஸில் சக்கையை எடுத்து எறிந்துவிடுகிறோம், சத்தும் அதோடு போகிறது. ஸ்மூத்தியில் பழம் முழுசாக உள்ளே போகும். முதலில் தயிரோ பாலோ ஊற்றிவிட்டு அப்புறம் பழத்தைப் போட்டால் மிக்ஸி திணறாது. ஓட்ஸை ஊறவைத்துத்தான் போட வேண்டும். சர்க்கரை வேண்டாம், பேரீச்சம்பழம் போதும். வேர்க்கடலையை விழுதாக அரைத்து ஒரு கரண்டி கலந்தால் உடம்பு தேறும். விதையுள்ள பழம் என்றால் கட்டாயம் சல்லடையில் தேய்த்து வடிக்க வேண்டும், ஒரு விதை போதும் குழாயை அடைக்க. கரண்டியால் எடுத்து ஊற்றினால் நாடா மாதிரி விழ வேண்டும். சொட்டவும் கூடாது, தொப்பென்று விழவும் கூடாது. மருமகள் எல்லாவற்றையும் ஒருமுறை திருப்பிச் சொல்லிக் காட்டினாள். கெட்டிக்காரப் பொண்ணு, நீங்க கொடுத்து வெச்சவர் என்று அந்த அம்மா ஏலக்காரரைப் பார்த்துச் சொன்னார்.

வீட்டுக்கு வந்த மறுநாள் மண்டியிலிருந்து மகன் ஒரு பெட்டி மாம்பழம் கொண்டுவந்தான். அப்பா கையாலேயே திறக்கட்டும் என்று முன்னால் வைத்தான். ஏலக்காரர் வழக்கம்போல் பலகை இடுக்கில் மூக்கை வைத்தார். ஒன்றும் வரவில்லை. இன்னும் அழுத்தி வைத்தார். பிறகு கோபம் வந்துவிட்டது. காய்களைத் தலையில் கட்டி அனுப்பிவிட்டார்கள், உனக்குக் கண் எங்கே போயிற்று என்று மகனைக் கையாலேயே திட்டி, பெட்டியைக் காலால் தள்ளினார். பலகை உடைந்து பழங்கள் உருண்டன. மஞ்சளாக, தொட்டால் அமுங்குகிற பதத்தில். ஸ்கூலிலிருந்து அப்போதுதான் வந்த பேத்தி வாசலிலேயே நின்று, “ஐ, மாம்பழ வாசனை” என்றது.

மகன் குனிந்து பழங்களைப் பொறுக்கினான். மருமகள் ஒரு பழத்தை எடுத்துத் துடைத்து மாமனாரின் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

“வாசனை வரலையா மாமா?”

அவர் அவளுடைய கையைத் தட்டிவிட்டார். அவள் அவருடைய முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போனாள். மிக்ஸி ஓடியது. அன்றைக்கு அவள் கொடுத்த மாம்பழ ஸ்மூத்தியை அவர் வாய்க்குள் வைத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். இனிப்பு தெரிந்தது. லேசாகப் புளிப்பு தெரிந்தது. மாம்பழம் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டால் அது எதுவாக வேண்டுமானாலும் இருக்கலாம்.

அதன் பிறகும் சில வாரங்கள் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தன. ஒரு நாளைக்கு மூன்று வேளை, மூன்று வித ஸ்மூத்தி. பப்பாளியும் தயிரும், வாழைப்பழமும் ஓட்ஸும், வேகவைத்த ஆப்பிளும் பேரீச்சையும். அவர் எடை கூடியது. மகன் எங்கிருந்தோ விசாரித்துப் பேச்சு மிஷின் ஒன்றை வாங்கிவந்தான். டார்ச் லைட் மாதிரி இருக்கும். கழுத்தில் அழுத்திக்கொண்டு வாயை அசைத்தால் தகர டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்டதுபோல ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தில் வார்த்தையும் இருக்கும். ஏலக்காரர் இரண்டு நாள் தனியாக உட்கார்ந்து பழகினார். மூன்றாவது நாள் சாப்பாட்டு மேஜையில் எல்லோரும் இருக்கும்போது மிஷினைக் கழுத்தில் வைத்தார். புதுக் குரலில் முதல் வார்த்தை என்ன வரப்போகிறது என்று மகன் ஆசையாகப் பார்த்தான்.

“த…ள்ளு…படி. தண்ணி.”

பேத்திக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. தன் கழுத்தில் கரண்டியை வைத்துக்கொண்டு அதேமாதிரி “தள்ளுபடி, தள்ளுபடி” என்று வண்டுக் குரலில் சொல்லிக் காட்டியது. ஏலக்காரருக்கும் சந்தோஷமாக இருந்தது. சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார். மருமகள் தண்ணீரை வைத்துவிட்டுத் திரும்பினாள். குழந்தை அவளுடைய புடவையைப் பிடித்து இழுத்து, “அம்மா, நீ தள்ளுபடில வந்தியா? அந்தக் கன்னத்துனாலயா?” என்று கேட்டது. கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டது.

“ஆமாடா செல்லம்” என்றாள் அம்மா.

மறுநாள் காலை பப்பாளி ஸ்மூத்தியை மேஜைமேல் வைத்தாள். எப்போதும்போல் உடனே போய்விடவில்லை. எதிரில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த வீட்டில் அவர் முன்னால் அவள் உட்கார்ந்ததே இல்லை.

“மாமா, நேத்து கடையில ரெண்டு பப்பாளி எடுத்தேன். ஒண்ணு நல்லது. இன்னொண்ணு ஒரு பக்கம் அடிபட்டு, உள்ள கொழகொழன்னு ஆயிடுச்சு. இது எந்தப் பழம்னு நீங்களே கண்டுபிடிச்சுக் குடிங்க.”

குரலில் கோபமே இல்லை. ஸ்கூலுக்குப் போகிற பிள்ளையிடம் டிபன் டப்பாவில் என்ன இருக்கிறது என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

ஏலக்காரர் கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். நிறம் சரியாக இருந்தது. மூக்கருகே கொண்டுபோனார், பழக்கதோஷம். ஒரு வாய் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். தயிரின் புளிப்பா, கெட்டுப்போன புளிப்பா? பேரீச்சையின் இனிப்பு எல்லாவற்றையும் மூடிக்கொண்டிருந்தது. வாழ்நாளெல்லாம் மூடிய பெட்டிக்குள் கிடந்ததைச் சொன்னவர், கையில் இருக்கிற ஒரு கிளாஸைப் பற்றிச் சொல்லத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். அவள் அவர் குடித்து முடிக்கிற வரைக்கும் அசையவில்லை. முடித்ததும் கிளாஸை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு வேளையும் ஸ்மூத்தி வரும், கூடவே கேள்வியும் வரும். நல்ல பழமா, அடிபட்ட பழமா மாமா? மகன் இருக்கும்போது மட்டும் கேட்க மாட்டாள். அப்போது “மெதுவாக் குடிங்க மாமா, புரையேறப்போகுது” என்பாள்.

அவர் வேவு பார்க்க ஆரம்பித்தார். சமையலறைக்குப் போனால், மிக்ஸி சத்தம் உங்களுக்கு ஆகாது என்று கதவைச் சாத்திவிடுவாள். குப்பைக் கூடையைக் கிளறினார். பழத்தோலெல்லாம் அதற்கு முன்பே தெருமுனைத் தொட்டிக்குப் போயிருக்கும். ராத்திரி வயிறு கடமுடா என்றால், மத்தியானம் குடித்த வாழைப்பழம்தான் என்று தோன்றும். கடமுடா என்று சொல்லாவிட்டால், இனிமேல்தான் சொல்லும் என்று தோன்றும். மண்டிக்குப் போன் போட்டு ஒரு பழைய சிநேகிதரிடம் சொல்லப் பார்த்தார். வண்டுச் சத்தம் கேட்டதும் அந்தப் பக்கம், ராங் நம்பர் என்று வைத்துவிட்டார்கள். மறுபடி போட்டார். இந்தத் தடவை யாரோ, “ஏலக்காரரா? ஏலம் விடுங்க கேக்கறோம்” என்றார்கள். பின்னாலிருந்து சிரிப்பு கேட்டது.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனைக் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, மிஷினை அழுத்தி, வார்த்தை வார்த்தையாகச் சொன்னார். உன் பெண்டாட்டி எனக்கு அழுகல் பழத்தை அரைத்துக் கொடுக்கிறாள்.

மகன் மனைவியைக் கூப்பிட்டான். அவள் அப்போதுதான் அரைத்த கிளாஸோடு வந்தாள். அவனே வாங்கி மோந்து பார்த்தான். ஒரு வாய் குடித்தான். பாதிக் கிளாஸ் காலியாயிற்று.

“அப்பா, இந்த மாதிரி ஸ்மூத்தி கடையில காசு குடுத்தாக்கூடக் கிடைக்காது. உங்களுக்கு நல்லது செய்யறவங்களைக் கண்டாலே ஆகாது. அம்மாவையும் இப்படித்தான் படுத்தினீங்க” என்றான். இத்தனை வருஷமாக வயிற்றுக்குள் கிடந்தது அந்த ஒரு வாக்கியத்தோடு வெளியே வந்துவிட்டது. அப்பாவால் இனி திருப்பிக் கத்த முடியாது என்பது அவனுக்கும் புரிந்திருந்தது. அதைச் சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

மருமகள் மீதிக் கிளாஸை மேஜைமேல் வைத்தாள். அவர் பக்கமாகக் குனிந்து, “அது நல்ல பழம் மாமா. நாளைக்கு எதுன்னு பார்க்கலாம்” என்றாள்.

அவர் குடிப்பதைக் குறைத்தார். அவள் வற்புறுத்தவில்லை. பாதிக் கிளாஸ் மிச்சம் வைத்தால் பேசாமல் எடுத்துப் போய் ஊற்றிவிடுவாள். சட்டை தொளதொளத்தது, தாடை எலும்பு தெரிந்தது. மகன் கேட்டபோது, “பசியில்லைங்கறார், நான் என்ன செய்ய” என்றாள். அதுவும் உண்மைதான், அவர் மிஷினில் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

பசி இல்லாமல் இல்லை. ஒரு மத்தியானம், அவள் குழந்தையைக் கூட்டிவர ஸ்கூலுக்குப் போன நேரம், ஏலக்காரர் சமையலறைக்குள் நுழைந்தார். தனக்கு வேண்டியதைத் தானே அரைத்துக் குடிப்பது என்று முடிவெடுத்திருந்தார். அந்த அறைக்குள் அவர் அடுப்புப் பக்கம் நின்றதே கிடையாது. மிக்ஸி எந்த அலமாரியில் இருக்கிறது என்று தேடவே நேரம் பிடித்தது. கூடையில் கொய்யா இருந்தது. கையில் எடுத்து அமுக்கிப் பார்த்தார். பதம் சரியாக இருந்தது. மூன்று பழத்தை வெட்டிப் போட்டார். ஓட்ஸை ஊறவைக்காமல் அப்படியே கொட்டினார். பாலைக் கடைசியில் ஊற்றினார். மூடியைச் சரியாக அழுத்தாமல் ஸ்விட்சைத் திருகிவிட்டார். மூடி பறந்தது. அடுப்பு, சுவர், ஜன்னல் கம்பி, அவருடைய சட்டை எல்லாவற்றிலும் கூழ் அடித்தது. கழுத்துத் துளையைக் கையால் மறைத்துக்கொண்டு ஸ்விட்சை அணைத்தார். ஜாரின் அடியில் ஒரு கிளாஸ் மிச்சமிருந்தது. சல்லடை என்று ஒன்று வேண்டும் என்பதே அவருக்குத் தெரியாது. ஆசையாக, நின்றபடியே, பெரிய வாயாக இரண்டு வாய் விழுங்கினார்.

மூன்றாவது வாய் இறங்கவில்லை. விதையும் ஊறாத ஓட்ஸும் சேர்ந்து ஒரு கட்டியாகக் குழாயில் சிக்கிக்கொண்டது. நெஞ்சுக்குள் ஆணியை வைத்து அறைவதுபோல் வலித்தது. எச்சில்கூடக் கீழே போகாமல் வாய்வழியாக வடிந்தது. மூச்சு கழுத்துத் துளை வழியாக வந்து போய்க்கொண்டிருந்ததால் ஆள் போய்விடவில்லை. அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். கத்த வேண்டும் போலிருந்தது. மிஷின் ஹாலில் கிடந்தது.

மருமகள் குழந்தையோடு வந்தாள். வாசலில் நின்று பார்த்தாள். குழந்தையின் பையைக் கழற்றி நாற்காலியில் வைத்தாள். “நீ போய் டிவி பாரு” என்று அனுப்பினாள். சாவியை ஆணியில் மாட்டினாள். பிறகுதான் பக்கத்தில் வந்து அவருடைய வாயைத் திறந்து பார்த்தாள், கழுத்துத் துளையில் கையை வைத்துக் காற்று வருகிறதா என்று பார்த்தாள்.

“மூச்சு இங்க போகுது மாமா. ஒண்ணும் ஆகாது. சுவத்தைத் துடைச்சுட்டு வந்துடறேன். காய்ஞ்சுட்டா கறை போகாது.”

துணியை நனைத்துப் பிழிந்தாள். சுவரைத் துடைத்தாள். ஜன்னல் கம்பியை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். மிக்ஸி ஜாரைக் கழுவிக் கவிழ்த்தாள். அவர் அவளுடைய கால்களைப் பார்த்துக்கொண்டு, எச்சில் சட்டையில் வழிய வழிய, தரையில் உட்கார்ந்திருந்தார். ஒருமுறை அவளுடைய புடவை நுனியைப் பிடித்தார். அவள் மெதுவாக விடுவித்துக்கொண்டாள். எல்லாம் முடிந்து கையைத் துடைத்த பிறகுதான் டாக்ஸிக்குப் போன் செய்தாள்.

ஆஸ்பத்திரியில் குழாய் விட்டு அந்தக் கட்டியை எடுத்தார்கள். டாக்டர் அவரைத்தான் பிடிபிடியென்று பிடித்தார். இவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொள்கிற மருமகள் இருக்கும்போது உங்களை யார் சமையலறைக்குள் போகச் சொன்னது? வீட்டில் துணைக்கு ஆள் இல்லையா? மருமகள் தலையைக் குனிந்துகொண்டு, “கொஞ்ச நேரம்தான் டாக்டர் வெளிய போனேன்” என்றாள். குரல் தழுதழுத்தது. அது நடிப்பா, நிஜமா என்று ஏலக்காரருக்குத் தெரியவில்லை. உணவுக்குழாய் உள்ளே கிழிந்து வீங்கியிருந்ததால், இனி வாய்வழியே எதுவும் கூடாது என்று வயிற்றில் துளை போட்டு ரப்பர் குழாய் ஒன்றை வைத்து அனுப்பினார்கள். ஸ்மூத்தியைத் தண்ணீராக்கி, இரண்டு முறை வடிகட்டி, அதில் ஊற்ற வேண்டும்.

இப்போது இனிப்பும் இல்லை, புளிப்பும் இல்லை. வயிற்றுக்குள் ஜில்லென்று ஏதோ பரவும், அவ்வளவுதான். அவள் கேள்வி கேட்பதை விட்டுவிட்டாள். பழத்தின் பெயரையும் சொல்வதில்லை. கேள்வி நின்றுபோனது நிம்மதியாக இருக்கும் என்று அவர் நினைத்திருந்தார். மாறாக, ஒவ்வொரு வேளையும் அதற்காகக் காத்திருந்தார். மிஷினின் பேட்டரி தீர்ந்துபோயிற்று. வாங்கிவரச் சொல்லியிருக்கேன் மாமா என்று அவள் சொன்னாள். மகனும் மறந்தான், அவளும் நினைவுபடுத்தவில்லை. வாரங்கள் போயின. பிறகு அந்த மிஷின் பேத்தியின் விளையாட்டுச் சாமான்களுக்கு நடுவே கிடந்தது.

அவருடைய கட்டிலை ஹாலுக்கு மாற்றியிருந்தார்கள். அங்கிருந்து சமையலறை நேராகத் தெரியும். இப்போது அவள் கதவைச் சாத்துவதில்லை. ஒரு நாள் காலை வெளிச்சத்தில் அவள் ஆப்பிள் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தாள், காம்புப் பக்கம் மூக்கை வைத்து ஒரு இழுப்பு இழுத்தாள், ஒன்றைத் தள்ளி வைத்தாள். வெட்டியதில் ஒரு துண்டில் பழுப்பாக இருந்த இடத்தைக் கத்தி முனையால் தோண்டி எறிந்தாள். ஒரு துண்டை வாயில் போட்டு மென்று பார்த்துவிட்டு மற்றதை வேகவைத்தாள். புதிதாகச் செய்கிறவளின் கை அல்ல அது. ரொம்ப நாளாகச் செய்து செய்து பழகிய கை. ஏலக்காரருக்கு அது புரியாமல் இருக்குமா? அப்படியானால் எல்லா நாளும் இப்படித்தானா? இல்லை, ஆஸ்பத்திரிக்குப் பிறகு பயந்துபோய் இப்படிச் செய்கிறாளா? அந்தப் பப்பாளி எது? அந்த வாழைப்பழம் எது? படுத்தபடியே ஒவ்வொரு கிளாஸாக நினைவுக்குக் கொண்டுவந்தார். நாக்கில் எந்த ருசியும் திரும்பி வரவில்லை.

மழைக்காலம் முடிந்ததும் அவள் பழைய பேக்கரியிலேயே மறுபடி வேலைக்குச் சேர்ந்தாள். யாரும் தடுக்கவில்லை, தடுக்க வேண்டியவர் கட்டிலில் கிடந்தார். பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளை ஏற்பாடு செய்தார்கள். பழமெல்லாம் அரைக்க அந்த ஆளுக்கு நேரமிருக்காது என்பதால், தண்ணீரில் கலக்குகிற சத்துமாவு டப்பா ஒன்று வந்து அலமாரியில் உட்கார்ந்தது. வேலைக்குக் கிளம்புகிற முதல் நாள் காலை அவள் தானே கடைசியாக ஒரு முறை ஸ்மூத்தி அரைத்து, வடித்து, குவளையில் எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முடியைப் பின்னால் இழுத்துக் கட்டியிருந்தாள். கன்னம் முழுக்கத் தெரிந்தது.

அவர் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். குவளையைக் காட்டினார். தன் மூக்கைத் தொட்டார். பிறகு கையைப் பின்பக்கமாக வீசிக் காட்டினார்: அன்றைக்கு, அதற்கு முன்னால், இத்தனை நாளாக. கண்ணில் தண்ணீர் நின்றது.

அவளுக்குப் புரிந்தது. குழாயின் மூடியைத் திறந்து, ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

“எல்லா நாளும் நல்ல பழம்தான் மாமா போட்டேன். ஒரு நாள்கூடக் கெட்டுப்போனதைப் போடல.” குவளையைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு வரைக்கும் இறக்கினாள். “ஆனா நான் சொன்னா நீங்க நம்பவா போறீங்க?”

அவள் சொன்னது உண்மை. மகனுக்கு அது தெரியும். அவளுக்குத் தினமும் பழம் விற்ற கடைக்காரருக்குத் தெரியும். அப்படிப் பொறுக்கியெடுக்கிற இன்னொரு பெண்ணைத் தான் பார்த்ததில்லை என்று மண்டியில் சொல்லியிருக்கிறார். ஏலக்காரருக்கு மட்டும் கடைசிவரை தெரியவில்லை. அவர் அவளுடைய முகத்தை இப்படியும் அப்படியும் பார்த்தார். அவள் குழாயை மூடி, சட்டையை இழுத்துவிட்டு, வேலைக்குக் கிளம்பினாள்.

அதன் பிறகு ஒன்றரை வருஷம் இருந்தார். மாவைக் கலக்கி ஊற்றுகிற ஆளின் கையை ஒவ்வொரு வேளையும் பிடித்துக்கொண்டு, டப்பாவைக் காட்டு என்று சைகை செய்வார். அந்த ஆள் காட்டுவான். அவர் அதை வாங்கி மூடியைத் திறந்து மூக்கருகே வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருப்பார். கிழவருக்குக் கொஞ்சம் கழன்றுவிட்டது என்று அந்த ஆள் தெருவில் சொல்லிக்கொண்டான்.